சிமெண்டின் பலம்: எவ்வளவு என்பதைவிட, எப்போ?



இந்த வார எபிசோடில் 3டி பிரிண்டரில் வீடு கட்டுவதைப் பற்றிப் பேசினோம். பெரிய இயந்திரக் கை ஒன்று, பற்பசையைப் பிதுக்குவது மாதிரி சிமெண்ட் கலவையைப் பிதுக்கிக்கொண்டே போகும். மேல் அடுக்கு வந்து உட்காருவதற்குள் கீழ் அடுக்கு எடையைத் தாங்கும் அளவுக்கு நின்றுவிட வேண்டும். அதற்காக, இறுகுவதை வேகப்படுத்தும் பொருட்களைக் கலவையில் சேர்ப்பதும் உண்டு என்று சொன்னோம்.

அதைக் கேட்டவுடனே எழும் கேள்வி: "சீக்கிரம் இறுகினா நல்லதுதானே? சீக்கிரம் பலம் வர்ற சிமெண்ட்தானே நல்ல சிமெண்ட்?"

எபிசோடில் இதற்கு ஒரு வரியில் "அப்படிச் சொல்ல முடியாது" என்று கடந்து போய்விட்டோம். இந்தக் கேள்விக்கு ஒரு வரி போதாது. லண்டனில் ஒரு பள்ளி நீச்சல்குளத்தின் கூரை இடிந்து விழுந்ததும், நெவாடா பாலைவனத்தில் ஒரு அணைக்குள் 900 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் பதித்ததும், ஊரில் உங்க அப்பா கட்டும் வீட்டுக்கு எந்த மூட்டை வாங்குவது என்பதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கு. நான் படித்தது கணினி அறிவியல், சிவில் இல்லை. அதனால் எனக்குப் புரிந்த வரிசையிலேயே சொல்றேன்.

முதல்ல ஒரு சொல்லைத் திருத்துவோம்

"சிமெண்ட் காயட்டும், மிதிக்காதே" என்று நம்ம வீட்டில் எல்லாரும் சொல்வோம். உண்மையில் சிமெண்ட் காய்வதே இல்லை. துணி காய்வதென்றால் தண்ணீர் வெளியே போவது. சிமெண்டில் நடப்பது தலைகீழ். தண்ணீர் உள்ளே போய், சிமெண்டோடு வேதிவினை செய்து, புதிய திடப்பொருளின் பகுதியாகவே மாறிவிடுகிறது. இதற்குப் பெயர் நீரேற்றம். அதனால்தான் கான்கிரீட் தண்ணீருக்கு அடியிலும் இறுகும். பாலத்தின் தூண்களை ஆற்றுக்குள் வார்க்க முடிவது இதனால்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துடலாம். சிமெண்ட் வேறு, கான்கிரீட் வேறு. சிமெண்ட் என்பது பசை. மணலையும் ஜல்லியையும் அந்தப் பசையால் ஒட்டினால் கான்கிரீட். பசை எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பலத்தின் கதை பாதி புரிந்த மாதிரி.

மீதிப் பாதி ஒரே வாக்கியம்: சிமெண்டின் பலத்துக்கு முதல் எதிரி உள்ளே இருக்கும் வெற்றிடம். நுண்துளைகள் எவ்வளவு குறைவோ, அவ்வளவு பலம். இந்த வாக்கியத்தை நினைவில் வைச்சுக்குங்க. நீச்சல்குளக் கூரை விழுந்த காரணம் இதற்குள் இருக்கு.

சூளைக்குள் பிறக்கும் நால்வர்

இன்று நாம் சிமெண்ட் என்று சொல்வது பெரும்பாலும் போர்ட்லாண்ட் சிமெண்ட். 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற ஆங்கிலேயக் கொத்தனார் அந்தப் பெயரில் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தின் போர்ட்லாண்ட் தீவில் கிடைக்கும் கட்டடக் கல் மாதிரி இருக்கும் என்று வைத்த பெயர் அது. இன்றைய சிமெண்ட் அவருடையதிலிருந்து ரொம்பவே மாறிவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

செய்முறை சுருக்கமாக இதுதான். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சுழலும் நீண்ட சூளையில் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். சுண்ணாம்பு, சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, கறுப்பு உருண்டைகளாக வெளியே வரும். அதுதான் கிளிங்கர். அதைக் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் சிமெண்ட்.

அந்தக் கிளிங்கருக்குள் நான்கு முக்கியச் சேர்மங்கள் இருக்கும். அவற்றை எழுத சிமெண்ட் வேதியியலாளர்கள் தனிக் குறியீடு வைத்திருக்கிறார்கள். அதில் 'சி' என்றால் கார்பன் இல்லை, கால்சியம் ஆக்சைடு, அதாவது சுண்ணாம்பு. 'எஸ்' என்றால் கந்தகம் இல்லை, சிலிக்கா. 'ஏ' அலுமினா, 'எஃப்' இரும்பு ஆக்சைடு. கோட் ரிவியூவில் யாராவது வேரியபிளுக்கு இப்படிப் பெயர் வைத்தால் சண்டையே வரும். ஆனால் உலகம் முழுக்க இதுதான் வழக்கம், நாமும் பழகிக்குவோம்.

- சி3எஸ் (அலைட்). சாதாரண சிமெண்டில் பாதிக்கும் மேல் இதுதான். தண்ணீர் பட்ட சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும். முதல் நான்கு வாரத்தில் வரும் பலத்தில் பெரும்பங்கு இதனுடையது.

- சி2எஸ் (பெலைட்). ஏறக்குறைய 15 முதல் 30 சதவீதம். சோம்பேறி மாதிரி தெரியும். முதல் மாதத்தில் பெரிதாக ஒன்றும் செய்யாது. பிறகு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் சி3எஸ் தந்த பலத்துக்கு ஏறக்குறைய சமமாக வந்து நிற்கும்.

- சி3ஏ. பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம். படபடப்பான ஆள். தனியாக விட்டால் தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் வினைபுரிந்து, கலவையைக் கரண்டியிலேயே இறுக வைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஜிப்சம். ஜிப்சத்திலிருந்து வரும் சல்ஃபேட்டோடு இது சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசி வடிவப் படிகங்களாக மாற, வினையின் வேகம் கட்டுக்குள் வரும். கொத்தனாருக்குக் கலவையைப் பரப்ப நேரம் கிடைப்பது அந்த ஒரு கைப்பிடி ஜிப்சத்தால்.

- சி4ஏஎஃப். பலத்துக்கு இதன் பங்கு குறைவு. சூளைக்குள் பொருட்கள் உருகிச் சேர உதவுவதுதான் முக்கிய வேலை. சிமெண்டின் சாம்பல் நிறமும் இதனால்தான். இரும்பை ஏறக்குறைய முழுதாகத் தவிர்த்துச் செய்வதுதான் வெள்ளை சிமெண்ட்.

இந்த நால்வரில் நம் கதைக்கு முக்கியமானவர்கள் முதல் இருவர். வேகமான அண்ணன், நிதானமான தம்பி.

ஒரே பசை, வேறு விலை

சி3எஸ், சி2எஸ் இரண்டும் தண்ணீரோடு சேர்ந்து உருவாக்குவது ஒரே பொருளைத்தான். கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்பது அதன் பெயர். ஒழுங்கான பெரிய படிகமாக இல்லாமல், மிக நுண்ணிய அளவில் பின்னிக்கொண்டு வளரும் ஒரு திடப்பொருள் அது. சிமெண்ட் துகள்களுக்கு நடுவே தண்ணீர் இருந்த இடத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புகிறது. வெற்றிடம் குறைய, பலம் ஏறும்.

ஆனால் அந்தப் பசையோடு வரும் கழிவு இரண்டுக்கும் ஒன்றல்ல. பாடப்புத்தகச் சமன்பாட்டின்படி, இரண்டு மூலக்கூறு சி3எஸ் வினைபுரிந்தால் பசையோடு மூன்று பங்கு நீற்றுச் சுண்ணாம்பு வெளியே வரும். இரண்டு மூலக்கூறு சி2எஸ் வினைபுரிந்தால் ஒரு பங்குதான் வரும். இந்தச் சுண்ணாம்பு முழுக்கப் பயனற்றது இல்லை, உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் காக்கும் காரத்தன்மையை அது தருகிறது. ஆனால் பலத்துக்குப் பெரிதாக உதவாது. தண்ணீரில் கரைந்து வெளியேறவும் கூடும். சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீங்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது வெப்பம். நீரேற்றம் நடக்கும்போது சூடு வரும். முழுக்க வினைபுரிந்தால் ஒரு கிராம் சி3எஸ் சுமார் 500 ஜூல் வெப்பம் தரும். சி2எஸ் தருவது ஏறக்குறைய அதில் பாதி, 260 ஜூல். சி3ஏ 850 ஜூலுக்கும் மேல்.

அதாவது வேகத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைச் சுண்ணாம்பாக, சூடாக, வேறு ஏதோ ஒன்றாக எங்கேயோ கட்டித்தான் ஆகணும். இதற்கு இரண்டு உண்மைக் கதைகள்.

கதை ஒன்று: நிதானத்தை விலை கொடுத்து வாங்கிய அணை

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணை. கான்கிரீட் ஊற்றத் தொடங்கியது 1933, முடித்தது 1935. ஒரு வீட்டுக் கூரையில் சிமெண்ட் விடும் சூடு காற்றோடு போய்விடும். 200 மீட்டர் உயரத்துக்கும் மேல், அடியில் அதே அளவு தடிமனுள்ள ஒரு கான்கிரீட் மலையில் சூடு எங்கே போகும்? உள்ளேயே சிக்கிக்கொள்ளும். நடுப்பகுதி சூடாக விரிந்திருக்க, வெளிப்பகுதி குளிர்ந்து சுருங்க, விரிசல் விழும். ஒரே கட்டியாக வார்த்து அப்படியே விட்டிருந்தால் அது முழுக்கக் குளிர 125 வருடம் ஆகியிருக்கும் என்று அமெரிக்க அரசின் கணக்கு சொல்கிறது.

பொறியாளர்கள் செய்தது மூன்று விஷயம். அணையைத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்து ஊற்றினார்கள். உள்ளே 900 கிலோமீட்டருக்கும் மேல் மெல்லிய எஃகுக் குழாய்களைப் பதித்து குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். மூன்றாவதுதான் நமக்கு முக்கியம்: சிமெண்டின் சேர்மங்களையே மாற்றினார்கள். வேகமான சி3எஸ், சி3ஏ இரண்டையும் குறைத்து, நிதானமான சி2எஸ்ஸைக் கூட்டி, குறைந்த வெப்ப சிமெண்ட் செய்தார்கள். பிற்பாடு அமெரிக்கத் தர நிர்ணயத்தில் அதுவே டைப் 4 என்ற வகையாக நின்றது. அதில் சி3எஸ் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சி2எஸ் குறைந்தது 40 சதவீதம் இருக்கணும்.

முதல் மாதத்துச் சோதனையில் அப்படிப்பட்ட சிமெண்ட் சாதாரண சிமெண்டைவிடப் பலவீனமாகத்தான் தெரியும். ஆனால் அணைக்கு முதல் மாதத்தில் முழுப் பலம் எதற்கு? ஏரி நிரம்பவே வருடங்கள் ஆகும். அவர்கள் கேட்டது "எவ்வளவு பலம்?" என்று மட்டும் இல்லை. "எப்போ பலம் வேணும்?" என்றும் கேட்டார்கள்.

கதை இரண்டு: ஒரே நாளில் பலம் தந்த சிமெண்ட்

இப்போ எதிர்ப்பக்கம். 1908இல் பிரான்ஸில் லஃபார்ஜ் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜூல்ஸ் பியெட் வேறு வகை சிமெண்ட் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். களிமண்ணுக்குப் பதில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டைச் சுண்ணாம்புக்கல்லோடு உருக்கிச் செய்வது. இதில் சி3எஸ்ஸும் இல்லை, அந்தக் கால்சியம் சிலிக்கேட் பசை முதன்மையும் இல்லை. முக்கியச் சேர்மம் கால்சியம் அலுமினேட், குறியீட்டில் சிஏ. சல்ஃபேட் நிறைந்த மண்ணில் சாதாரண சிமெண்ட் சிதைந்தது. அதற்கு மாற்றாகத்தான் இது உருவானது. கூடவே ஒரு அதிசயக் குணமும் கிடைத்தது: சாதாரண சிமெண்டுக்கு நான்கு வாரம் ஆகும் பலம் இதற்கு 24 மணி நேரத்தில் வந்துவிடும்.

போருக்குப் பிந்தைய பிரிட்டனில் பள்ளிகளும் வீடுகளும் அவசரமாகத் தேவைப்பட்டன. தொழிற்சாலையில் கான்கிரீட் உத்திரம் வார்ப்பவர்களுக்கு இந்த சிமெண்ட் வரமாகத் தெரிந்தது. இன்று வார்த்ததை நாளை அச்சிலிருந்து எடுத்து, அதே அச்சில் அடுத்ததை வார்க்கலாம். நூற்றுக்கணக்கான கட்டடங்களின் கூரைக்கு அந்த உத்திரங்கள் போயின.

1973 ஜூனில் லண்டன் கேம்டன் பெண்கள் பள்ளியின் அரங்கக் கூரை இடிந்தது. இரவு நேரம், உள்ளே யாருமில்லை. 1974 பிப்ரவரி 8 அன்று கிழக்கு லண்டன் ஸ்டெப்னியில் இன்னொரு பள்ளியின் நீச்சல்குளக் கூரையிலிருந்து உத்திரங்கள் விழுந்தன. அந்தக் கூரை கட்டி பத்து வருடம்கூட ஆகவில்லை. அங்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஸ்பெயினுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1990 நவம்பரில் பார்சிலோனாவின் துரோ தே லா பெய்ரா குடியிருப்பில் ஒரு கட்டடம் இடிந்து ஒரு பெண் இறந்தார். அங்கும் இதே வகை சிமெண்ட். அந்த ஊரில் இதற்கு 'அலுமினோசிஸ்' என்று ஒரு நோயின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

என்ன நடந்தது? சிஏ தண்ணீரோடு சேர்ந்து முதலில் உருவாக்கும் படிகங்கள் அறுகோண வடிவம். நிறையத் தண்ணீரைத் தமக்குள் பிடித்துவைத்து, பருமனாக, இடத்தை நன்றாக அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரே நாளில் பலம் வருவது அதனால்தான். பிரச்சினை என்னவென்றால், அந்தப் படிகங்கள் நிலையானவை இல்லை. காலப்போக்கில் அவை கனசதுர வடிவப் படிகங்களாக மாறிவிடும். புதிய படிகம் அடர்த்தியானது, குறைந்த இடமே போதும். பிடித்துவைத்திருந்த தண்ணீரில் பாதிக்கும் மேல் விடுதலையாகும்.

வெளியே இருந்து பார்த்தால் உத்திரம் அதே அளவு, அதே வடிவம். உள்ளே அதே பொருள் குறைந்த இடத்தில் சுருங்கிவிட்டது. மிச்ச இடம்? வெற்றிடம். மேலே சொன்ன வாக்கியத்தை இங்கே பொருத்திப் பாருங்க. துளை கூடினால் பலம் குறையும்.

இந்த மாற்றத்தைச் சூடும் ஈரமும் வேகப்படுத்தும். வருடம் முழுக்கச் சூடாக, ஈரமாக இருக்கும் இடம் எது? நீச்சல்குளம். ஸ்டெப்னியில் கூடவே பக்கத்துப் பூச்சிலிருந்து வந்த சல்ஃபேட்டும், துளை விழுந்த கான்கிரீட்டைத் தாக்கியிருந்தது. கேம்டனில் உத்திரத்தின் முனை சுவரில் போதுமான அளவு உட்காராததும் ஒரு முக்கியக் காரணம். ஒரு கட்டடம் ஒரே காரணத்தால் விழுவது அபூர்வம். ஆனால் மற்றக் குறைகளைத் தாங்கிக்கொள்ள இருந்திருக்க வேண்டிய பலம் சத்தமில்லாமல் கரைந்துபோயிருந்தது.

நம்ம தொழில் மொழியில் சொன்னால், பெஞ்ச்மார்க்கில் முதல் நாளே முதலிடம். ப்ரொடக்‌ஷனில் எட்டு வருடம் ஓடியபின் கிராஷ். பெஞ்ச்மார்க் எண் பொய்யில்லை. அந்த ஒரு நாளைப் பற்றிய உண்மை மட்டும்தான் அது.

இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்லியாகணும். ஒன்று, அந்த சிமெண்டை வில்லனாக்க வேண்டாம். தண்ணீரை மிகக் குறைவாக வைத்து, படிகம் மாறிய பிறகு மிஞ்சும் பலத்தை வைத்தே கணக்குப் போட்டால் அது நம்பகமானது. உலை உட்பூச்சு, கழிவுநீர்க் குழாய், சீக்கிரம் இறுகும் தரைக் கலவைகள் என்று இன்றும் நிறையப் பயன்படுகிறது. இரண்டு, 2023இல் இங்கிலாந்துப் பள்ளிகள் மூடப்பட்டதே, 'ராக்' கான்கிரீட், அது வேறு. அது வேண்டுமென்றே காற்றுக் குமிழி நிரப்பிச் செய்த லேசான பலகை. பள்ளிக் கூரை என்பதால் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

28ஆம் நாளின் மகிமை என்ன?

சிமெண்ட் உலகம் பலத்தைப் பெரும்பாலும் 28ஆம் நாளில்தான் அளக்கிறது. அன்று சோதனைக் கட்டியை இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். வேதியியலில் 28க்கு எந்தத் தனிச்சிறப்பும் இல்லை. சரியாக நான்கு வாரம், வார்த்த அதே கிழமையில் வந்து உடைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் இந்தத் தேதி யாருக்குச் சாதகம் என்று பாருங்க. சி3எஸ் தன் திறமையைக் காட்டி முடித்திருக்கும். சி2எஸ் அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். பரீட்சைத் தேதியே வேகமானவருக்கு ஏற்ற மாதிரி வைத்த கதை.

அதனால் பல பத்தாண்டுகளாக சிமெண்ட் ஆலைகள் சி3எஸ்ஸைக் கூட்டியும், இன்னும் நைசாக அரைத்தும் சீக்கிரப் பலம் தரும் பக்கமே நகர்ந்தன. கட்டுபவர்கள் கேட்டதும் அதைத்தான். அதன் விலையை இப்போது வேறு இடத்தில் கட்டுகிறோம்: கார்பன்.

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதன் எடையில் 44 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். இது எரிபொருள் புகை இல்லை, கல்லுக்குள்ளேயே இருந்தது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இது வரும். உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருவதற்கு இதுவே பெரிய காரணம். சி3எஸ்ஸின் எடையில் சுமார் 74 சதவீதம் சுண்ணாம்பு, சி2எஸ்ஸில் 65 சதவீதம். வேகத்துக்குச் சுண்ணாம்பு அதிகம் தேவை, சூளையில் சூடும் அதிகம் தேவை.

தீர்வு தேடுபவர்கள் கை வைத்த இடம் அழகானது. சி3எஸ் வினைபுரியும்போது சும்மா வெளியே வருகிறதே ஒரு சுண்ணாம்பு, அதற்கு வேலை கொடுத்தால் என்ன? அனல் மின்நிலையச் சாம்பலில் வினைபுரியக்கூடிய சிலிக்கா இருக்கு. அது அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து அதே கால்சியம் சிலிக்கேட் பசையை இன்னும் கொஞ்சம் உருவாக்கும். கழிவு பசையாகும், துளை அடையும். கிளிங்கரும் குறையும். எல்சி3 என்ற புதிய வகையும் இந்த வழியில்தான் போகிறது: கிளிங்கர் பாதி, மீதியில் சுட்ட களிமண், சுடாத சுண்ணாம்புக்கல், கொஞ்சம் ஜிப்சம். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கரென் ஸ்க்ரிவெனர் குழுவும், கியூபா ஆய்வாளர்களும் தொடங்கிய இந்த வேலையில் சென்னை ஐஐடிக்கும் பங்கு உண்டு.

சாம்பல் கலந்த சிமெண்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. முதலில் சுண்ணாம்பு வெளியே வரணும், பிறகுதான் சாம்பல் அதோடு சேரும். அதனால் நிதானம். அதனால் 28ஆம் நாளில் மதிப்பெண் கொஞ்சம் குறைவு.

மூட்டையைப் படிப்போம்

இப்போ இதை வைத்து என்ன செய்யலாம்? நம்மில் பலர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் அழைப்பில் ஊரில் கட்டும் வீட்டைப் பற்றித்தான் பேச்சு. "53 கிரேடு போடச் சொல்லு, அதுதான் ஸ்ட்ராங்" என்ற வசனத்தைக் கேட்டிருப்பீங்க.

இந்தியாவில் 53 கிரேடு என்றால், 28ஆம் நாளில் குறைந்தது 53 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கணும் என்பது பொருள். மூன்றாம் நாளிலேயே 27 வந்திருக்கணும். சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்கு விதி கேட்பது 28ஆம் நாளில் குறைந்தது 33, மூன்றாம் நாளில் 16. இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் பிபிசி ஏதோ இரண்டாம் தரம் மாதிரி தெரியும். ஆனால் இவை குறைந்தபட்ச அளவுகள், அதுவும் 28ஆம் நாளுக்கானவை. பிபிசி அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும். சூடு குறைவு, துளை நாளடைவில் நன்றாக அடையும். சாதாரண வீட்டுக்கு, பூச்சு வேலைக்கு அது நல்ல தேர்வுதான். அவசரமாகச் சென்ட்ரிங்கைப் பிரித்தாக வேண்டிய வேலைக்கு 53 பொருந்தும்.

ஐரோப்பாவில், பிரிட்டனில் இதே தகவல் வேறு வடிவில் இருக்கும். 42.5 என், 42.5 ஆர் என்று இரண்டு மூட்டை. 28ஆம் நாளில் இரண்டும் தாங்க வேண்டியது குறைந்தது 42.5 மெகாபாஸ்கல், ஒரே எண். ஆனால் இரண்டாம் நாளில் 'என்' 10 தாங்கினால் போதும், 'ஆர்' 20 தாங்கணும். அந்த ஒற்றை எழுத்துக்குள் இருப்பதுதான் இந்த இதழ் முழுக்கப் பேசிய "எப்போ?".

மூட்டையைவிட முக்கியமானவை மூன்று. அடுத்த அழைப்பில் இவற்றைக் கேளுங்க.

1. எவ்வளவு தண்ணீர் கலந்தாங்க? சிமெண்ட் எடையில் ஏறக்குறைய 40 சதவீதத் தண்ணீர் இருந்தால் வினை முழுக்க நடக்கப் போதும். பரப்பச் சுலபமாக இருக்கட்டும் என்று ஊற்றும் கூடுதல் தண்ணீர் பசையாக மாறாது. அது இருந்த இடம் துளையாக நிற்கும். 53 மூட்டை வாங்கி ஒரு வாளி தண்ணீர் அதிகம் விட்டால், கொடுத்த காசு அந்தத் துளைகள் வழியே போய்விட்டது.

2. எத்தனை நாள் தண்ணீர் காட்டினாங்க? கலக்கும்போது குறைவு, இறுகிய பிறகு தாராளம், இதுதான் விதி. மேல்தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும், தூணில் ஈரச் சாக்கு சுற்றுவதும் வெறும் சடங்கு இல்லை. தண்ணீர் வற்றினால் வினை நின்றுவிடும். இந்திய விதிப்படி சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்ததற்கு 10 நாள். நம்ம ஊர் வெயிலில் கலப்பு சிமெண்டுக்கு 14 நாள். நிதானமான சேர்மத்தை வாங்கிவிட்டு அதற்கு நேரம் தராவிட்டால் அது எப்படி வேலை செய்யும்?

3. முட்டு எப்போ எடுத்தாங்க? 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளி உள்ள தளத்துக்குச் சாதாரண சிமெண்டிலேயே 14 நாள் முட்டு நிற்கணும் என்கிறது விதி. கலப்பு சிமெண்ட் என்றால் பொறியாளரைக் கேட்டு அதற்கு மேலும் வைக்கலாம். "மூணாம் நாளே கல்லு மாதிரி ஆயிடுச்சு" என்பது முட்டை எடுக்கக் காரணம் இல்லை.

"பதறாத காரியம் சிதறாது" என்று நம்ம பாட்டிமார் சொல்வது சிமெண்டுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் வேகம் எப்போதும் தப்பு என்று எடுத்துக்காதீங்க. விமான நிலைய ஓடுபாதையை இரவோடு இரவாகச் சரிசெய்ய, பிரிண்டரில் சுவரை எழுப்ப, வேகமான வேதியியல்தான் வேணும். யாராவது ஒரு பொருளைக் காட்டி "இவ்வளவு பலம்" என்று ஒரே ஒரு எண்ணைச் சொன்னால், அது எந்த நாளின் எண் என்று கேளுங்க. அதற்குப் பிந்தைய நாட்களில் அந்தக் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்றும் கேளுங்க. 3டி பிரிண்ட் வீட்டு விளம்பரத்தில் "ஒரே நாளில் சுவர் தயார்" என்று வரும்போது நான் தேடுவதும் அந்த இரண்டாவது பதிலைத்தான்.

ஊரில் கட்டும் வீட்டில் எந்த மூட்டை, எத்தனை நாள் தண்ணீர் என்று கேட்டுவிட்டு வந்த பதிலை எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சேர்த்துப் பேசுவோம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.